ஏரிக்கரையில் தூர் தூராக நிற்கும் இந்தப் புல் வெட்டிவேரா, விழலா, தர்ப்பையா?

ஏரிக்கரை நடையன் (ஆலப்பாக்கம், கடலூர் மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு நாள்தோறும் காலையில் பெருமாள் ஏரியின் கரைமேல் நடந்து வருகிறேன். கரையின் நீர்ப்பக்கச் சரிவில் ஒரு புல் தூர் தூராக நிற்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதைப் பார்த்து வந்தும் அதன் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தாள் மட்டும் இடுப்பளவு வளர்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு நடுவிலிருந்து கதிர்த்தண்டு கிளம்பி ஆள் உயரத்தையும் தாண்டிவிடுகிறது. தாளின் விளிம்பு கையைக் கீறும். கோடையில் ஏரி வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும்போது யாராவது தீ வைத்துவிடுகிறார்கள். தூர் கரிக்கட்டையாகத் தெரிந்தாலும் இரண்டு வாரத்துக்குள் அதே இடத்தில் பச்சைத் துளிர் வந்துவிடுகிறது. ஆகவே இது ஆண்டுப் புல் அன்று, பல்லாண்டுப் புல் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. மாடுகள் துளிரை மேய்கின்றன. முற்றிய தாளைத் தொடுவதில்லை.

பெயரைக் கேட்டால் மூவரிடமிருந்து மூன்று விடைகள் கிடைத்தன. மாடு மேய்ப்பவர் விழல் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நாணல் என்றார். கோயில் அர்ச்சகர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தர்ப்பை என்றார். இங்கிருந்து கிழக்கே உப்பனாற்றைத் தாண்டினால் தியாகவல்லி, நொச்சிக்காடு மணற்பகுதியில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள் என்பதால், இதுவும் வெட்டிவேராக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. சிறு தூர் ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி முகர்ந்து பார்த்தேன். சேற்று வாடைதான் வந்தது. அத்தோடு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். மேலும், வெட்டிவேர் மணற்பாங்கான காய்ந்த நிலத்துப் பயிர் என்பதுதான் நான் இதுவரை அறிந்தது. இதுவோ பாதி நாள் தண்ணீரில் கால் வைத்து நிற்கிறது.

இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. கரையைப் பலப்படுத்தும் பணி வரப்போவதாகப் பேச்சு இருக்கிறது. சீமைக் கருவேலத்தோடு சேர்த்து இந்தப் புல்லையும் புதர் என்று வழித்தெடுத்துவிடுவார்கள். அது என்ன புல் என்று தெரிந்தால்தானே, விட்டுவைக்கும்படி கேட்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்? கைப்பேசிச் செயலி ஒன்றில் படத்தைக் காட்டினேன். அது மூன்று முறையும் மூன்று வெவ்வேறு பெயர்களைச் சொல்லி ஊராரோடு சேர்ந்துகொண்டது.

புல்லறிவாளன் (புதுச்சேரி) மறுமொழி:

ஐயா, வணக்கம். என் புனைபெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம்; திருக்குறள் சொல்லும் புல்லறிவும் என்னிடம் உண்டு, புல்லைப் பற்றிய அறிவும் கொஞ்சம் உண்டு.

முதலில் விழல் என்ற பெயரை ஒதுக்கிவைத்துவிடலாம். மாடு மேய்ப்பவர் சொன்னது தவறு என்று சொல்லவில்லை. விழலுக்கு இறைத்த நீர் என்னும்போது நாம் எந்தப் புல்லையும் குறிப்பாக நினைப்பதில்லை அல்லவா? ஓர் ஊரில் கோரை, இன்னோர் ஊரில் தர்ப்பை, வேறோர் ஊரில் வெட்டிவேர்ப் புல் என்று அந்தச் சொல் பலவற்றுக்கும் வழங்கி வந்திருக்கிறது. அது பயன் பற்றிய பெயர். அடையாளம் காண உதவாது. கோரையா என்பதைத் தண்டை விரலிடையில் உருட்டியே தெரிந்துகொள்ளலாம். கோரைத் தண்டு முப்பட்டையாக இருக்கும், கணு இராது. நீங்கள் சொல்லும் கதிர்த்தண்டில் கணு இருக்கிறதா என்று பாருங்கள்.

கணு இருந்தால் புற்குடும்பம் என்று முடிவு செய்துகொண்டு, அடுத்துத் தூரின் அடிக்குப் போக வேண்டும். பெரும்பாலோர் கதிரைப் பார்க்கிறார்கள், அடியைப் பார்ப்பதில்லை. நாணல் மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டு விடும். ஒரு தூரைத் தோண்டினால் நாலடி தள்ளி நிற்கும் இன்னொன்றோடு அது இணைந்திருக்கும். அதன் தாளில் வெண்மையான தடித்த நடுநரம்பு ஓடும். அடிப்பகுதியில் இலை குறுகிக் குறுகி நரம்பு மட்டுமே எஞ்சியது போலத் தோன்றும். கதிரோ வெள்ளிப் பட்டுக் குஞ்சம். காற்றடித்தால் ஆற்றங்கரை முழுவதும் நரை பூத்தது போல இருக்கும். (நாணல் என்று இளக்காரமாகச் சொல்கிறோம், ஆனால் கோயம்புத்தூரில் கரும்போடு இந்த நாணலைக் கலந்து உருவாக்கி 1918இல் வெளியிட்ட கோ 205 என்ற வகைதான் வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே திருப்பிப் போட்டது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் நாம் அந்தப் புல்லுக்குக் கொஞ்சம் மரியாதை தரலாம்.)

வெட்டிவேர் இதற்கு நேர்மாறானது. பக்கவாட்டில் ஓடாது, நின்ற இடத்திலேயே தடித்துக்கொண்டு போகும். அதன் அடித்தாள்களைக் கையில் பிடித்தால் உருண்டையாக இராது. இலையுறைகள் நடுவில் மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பனையோலை விசிறியின் அடியைப் போலத் தட்டையாக இருக்கும். புற்களோடு பழகியவர்கள் இந்த ஓர் அடையாளத்தை வைத்தே, பூவில்லாத காலத்திலும், பாதிக்கு மேல் முடிவு செய்துவிடுவார்கள். கதிர்க்கொத்து ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை இருக்கும். அச்சைச் சுற்றி அடுக்கடுக்காக, குடைக்கம்பிகளைப் போல, மெல்லிய கிளைகள் புறப்படும். நிறம் பெரும்பாலும் கத்தரிப்பூச் சாயல். பட்டு மயிர் அறவே இராது. உங்கள் புல்லில் வெண்குஞ்சம் உண்டா இல்லையா என்பதை நீங்கள் எழுதவில்லை; அந்த ஒரு சொல் இருந்திருந்தால் என் மறுமொழி பாதியாகக் குறைந்திருக்கும்.

வேரில் மணமில்லை என்று நீங்கள் கைவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சிறு தூரின் இளவேரில் எண்ணெய் மிகக் குறைவு. பெரிய தூரின் ஓரத்தில் அடியாழத்திலிருந்து முற்றிய வேர் நாலைந்தை எடுத்து, மண் போகக் கழுவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, பிறகு தண்ணீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். இலையை மட்டும் கசக்கி முகர்வதில் பயனில்லை. எலுமிச்சைப் புல்லில் மணம் இலையில் இருக்கிறது. வெட்டிவேரில் இலைக்கு மணம் கிடையாது.

வாழிடம் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. வெட்டிவேர் மணல் நிலத்தில் பயிரிடப்படுவது வேரைச் சேதமில்லாமல் எடுப்பதற்காக. களிமண்ணில் நட்டாலும் அது நன்றாகவே வளரும். ஆனால் வேரைப் பெயர்த்தெடுப்பதற்குள் உழவருக்கு உயிர் போய்விடும். அதன் இயற்கையான இருப்பிடம் ஆற்றங்கரை, ஏரிக்கரை, மழையில் மூழ்கிக் கோடையில் வெடிக்கும் சதுப்பு. அதாவது உங்கள் ஏரியின் நீர்ப்பக்கச் சரிவு போன்ற இடம். கடலூர்க்காரர்களுக்கு வெட்டிவேர் என்றால் கடலோர மணல் என்று மனத்தில் பதிந்துபோனதால், சொந்த வீட்டில் நிற்கும் புல்லை அயலார் என்று நினைத்துவிடுகிறோம்.

கூர்ச்சம் (திருப்பாதிரிப்புலியூர்) மறுமொழி:

அர்ச்சகர் தூரத்திலிருந்து பார்த்துச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் பிழைக்குக் காரணம். தர்ப்பையைக் கையில் எடுக்காமல் சொல்லக்கூடாது. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

தர்ப்பை என்ற பெயரில் கடைக்கு வருவது ஒரே புல் அன்று. ஒன்றின் கதிர் வெண்பட்டுத் திரி போல உருண்டு நிற்கும். அதன் இலையில் நடுநரம்பு நடுவில் ஓடாமல் ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். மண்ணுக்குள் ஓடும் தண்டின் முனை ஊசி போலக் கூராக இருக்கும். மற்றொன்றின் கதிர் நிமிர்ந்து, ஒடுங்கி, குட்டையான பக்கக் கதிர்கள் சீப்புப் பல் போல நெருங்கி, வைக்கோல் நிறத்தில் இருக்கும், பட்டு இராது. உவர் தட்டிய நிலத்தில்கூட வளர்வது இந்த இரண்டாவது புல். பவித்திரம் முடிய எங்கள் வீட்டில் இதைத்தான் விரும்புவார்கள். ஆவணி அமாவாசையன்று அறுத்து வைத்ததை ஓராண்டு வரை பயன்படுத்துவது வழக்கம்.

இரண்டு புல்லுமே மண்ணுக்கடியில் ஓடிப் பரவுபவை. ஆகவே தூர் தூராகத் தனித்து நிற்கிறது என்று நீங்கள் சொல்லும் புல் தர்ப்பையாக இருக்க வாய்ப்பு குறைவு. விளிம்பு கையைக் கீறுவதை மட்டும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். அடியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் வழுவழுப்பாகவும் நுனியிலிருந்து அடி நோக்கி இழுத்தால் அரமாகவும் இருக்கும் புற்கள் நம் வயல்வரப்பிலேயே பல இருக்கின்றன.

மணற்காட்டு உழவன் (கடலூர்) மறுமொழி:

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கடலோர மணலில் வெட்டிவேர் போடுகிறோம். புல்லறிவாளன் அண்ணன் சொன்ன அடித்தட்டை அடையாளம் முற்றிலும் சரி. நாற்றுக்காகத் தூரைப் பிரிக்கும்போது, கட்டைவிரலை அந்த மடிப்பில் கொடுத்துத்தான் கிளையைப் பிளப்போம். உருண்டையான அடியாக இருந்தால் அப்படிப் பிளக்க வராது.

எங்கள் முறையைச் சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். விதை போட்டு நாங்கள் பயிர் செய்வதில்லை. வேர் எடுத்த தூரின் தலைப்பகுதியில் தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, கிளைகளாகப் பிரித்து, அதையே மறுபடி நடுவோம். ஏறக்குறைய ஓராண்டு நின்ற பிறகு வேர் எடுப்போம். முன்பு மண்வெட்டியால் எடுத்ததை இப்போது பொக்லைன் வைத்து எடுக்கிறோம். மணலாக இருப்பதால் தூக்கி உதறினால் வேர் தாடி போலத் தொங்கும். அன்றைக்கு எடுத்த ஈர வேரில் பச்சை மண் வாடைதான் முன்னே நிற்கும். காய்ந்து, கட்டாகி, மழைக்காலத்தில் கிடங்குக் கதவைத் திறக்கும்போது வருவதுதான் நீங்கள் நினைக்கும் மணம். எனவே பிடுங்கிய உடனே முகர்ந்து பார்த்து மனம் தளர வேண்டாம்.

பூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் விடும். ஆனால் விழுந்த விதை முளைத்துத் தானாக ஒரு தூர் எழுந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் சொல்வது போல எல்லாத் தூரும் கதிர் தள்ளி நிற்பது எனக்குப் புதிதாக இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் மிஞ்சிய நாற்றை வாங்கிப்போய் வரப்பிலும் கரையிலும் மண் அரிக்காமல் இருக்க நடுபவர்கள் உண்டு. உங்கள் ஏரிக்கரையிலும் எவரோ எப்போதோ நட்டதாக இருக்கலாம். தூர்கள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

ஏரிக்கரை நடையன் மறுமொழி (ஒன்பது நாள் கழித்து):

மூவருக்கும் நன்றி. இந்த முறை வீட்டிலிருந்தே ஆயத்தமாகப் போனேன்: ஒரு மண்வெட்டி, பழைய செய்தித்தாள், அடிக்கோல், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் நண்பரிடம் கடன் வாங்கிய, கண்ணில் செருகிக்கொள்ளும் லென்சு. கரையில் எதிர்ப்பட்டவர்கள் நான் ஏரியை அளக்க வந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

கதிர்த்தண்டில் கணு இருக்கிறது, உருட்டினால் உருள்கிறது. கோரை இல்லை. தூரைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் ஓர் அடி ஆழம் தோண்டினேன். கிடையாக ஓடும் தண்டு எதுவும் அகப்படவில்லை. வேர்கள் எல்லாம் நூல் நூலாக நேரே கீழே இறங்குகின்றன. மண்வெட்டி போன ஆழத்துக்கும் கீழே போய்க்கொண்டே இருந்ததால் முனையைப் பார்க்க முடியவில்லை. அடி தட்டைதான். விசிறி என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளாக இதைக் கவனிக்காமல் என்னதான் பார்த்தேன் என்று இருந்தது. பெரிய தூர்களில் நடுப்பகுதி பட்டுப்போய்ச் சுற்றிலும் வளையமாகப் பச்சை நிற்கிறது.

தாளின் அகலம் அடிக்கோலில் 8 மில்லிமீட்டர். நடுநரம்பு மெல்லியது, நாணலில் இருக்கும் வெள்ளைக் கோடு இதில் இல்லை. கதிர்க்கொத்து 27 சென்டிமீட்டர். பட்டு மயிர் இல்லை என்பதை முதலிலேயே எழுதாமல் விட்டதற்கு மன்னிக்க வேண்டும். அச்சில் ஒவ்வோர் அடுக்கிலும் பத்துக்கு மேற்பட்ட கிளைகள் சுற்றிப் புறப்படுகின்றன. காலை வெயிலில் அவை கருங்கத்தரி நிறம். நெருங்கிப் பார்த்தால் பச்சையும் ஊதாவும் கலந்தது.

லென்சில் பார்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் சிறுகதிர்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒன்று காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் உள்ளது குட்டைக் காம்பில் நிற்கிறது. காம்பில்லாததன் முதுகில், பாகற்காயின் தோலைச் சிறிதாக்கி ஒட்டியது போல, கூரான சின்னஞ்சிறு முட்கள். வெறுங்கண்ணுக்கு அது சொரசொரப்பாக மட்டுமே தெரிகிறது. நீளமான மீசை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

வேரை நிழலில் ஏழு நாள் உலர்த்தினேன். எட்டாம் நாள் தண்ணீர் தெளித்து வீட்டில் உள்ளவளிடம் எதுவும் சொல்லாமல் நீட்டினேன். “மண்பானையில் போடும் வேர், எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டாள்.

வரிசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதகுக்குப் பக்கத்தில் பதினொரு தூர்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. அங்கிருந்து வடக்கே நடந்தால் நீர்மட்டக் கோட்டை ஒட்டி, ஒழுங்கில்லாமல், சில இடங்களில் மூன்று நான்கு நெருங்கியும் சில இடங்களில் ஐம்பது அடிக்கு ஒன்றாகவும் நிற்கின்றன. அவற்றுக்கிடையே சிறு தூர்களும் உண்டு.

புல்லறிவாளன் மறுமொழி:

அம்மா கொடுத்த தீர்ப்புக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் முறையாகச் சொல்லிவிடுகிறேன்: தட்டையான அடி, ஓடுதண்டு இல்லாமை, அடுக்கடுக்கான கிளைகள், பட்டில்லாத கதிர், முள்முதுகுச் சிறுகதிர், உலர்ந்த வேரின் மணம் ஆகிய ஆறும் ஒரே புல்லில் சேர்ந்து வருவதால் இது வெட்டிவேர்தான். இன்றைய அறிவியல் பெயர் கிரைசோபோகன் சிசானியாய்டிஸ். 1771இல் தாவரவியலாளர் லின்னேயசு இதற்குப் பெயரிட்டபோது ஃபலாரிஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு இது பல கை மாறி வெட்டிவேரியா என்ற பேரினத்தில் நெடுங்காலம் இருந்தது. 1960இல்தான் கிரைசோபோகனுக்கு மாற்றப்பட்டது. கிரைசோபோகன் என்றால் கிரேக்கத்தில் பொன்தாடி. வெட்டியெடுக்கும் வேர் என்று நம் ஊரார் வைத்த பெயர் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அறிவியல் பெயராகவும் நின்றிருந்ததை, தாடியே இல்லாத புல்லுக்குப் பொன்தாடி என்று மாற்றிவிட்டார்களே என்று எனக்கு இன்றும் ஒரு மனத்தாங்கல் உண்டு. வகைப்பாட்டின்படி அது சரியான மாற்றம் என்பது வேறு செய்தி.

ஆனால் இது இயல்பாக வளர்ந்ததா, எவரோ நட்டதா என்ற உழவர் தம்பியின் கேள்விதான் இப்போது முக்கியம். வெட்டிவேரில் இரு போக்குகள் உண்டு. வட இந்தியச் சமவெளியில் தானாக வளர்வது நிறையப் பூத்து, முளைக்கும் விதை தரும். தென்னிந்தியாவில் வேருக்காகக் காலம் காலமாகக் கிளை பிரித்து நடப்பட்டு வந்த வகை குறைவாகப் பூக்கும். பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. 1980களில் உலக வங்கி மண்ணரிப்பைத் தடுக்க இந்தப் புல்லைப் பரப்பத் தொடங்கியபோது, களையாகப் பரவாது என்ற உறுதிக்காக இந்த விதையில்லா வகையைத்தான் தேர்ந்தார்கள். பிற நாடுகளில் நிற்கும் வெட்டிவேரில் பெரும்பகுதி ஒரே தாய்த்தூரின் வழிவந்தது என்று பின்னால் வந்த டிஎன்ஏ ஆய்வும் காட்டியது. எனவே உங்கள் ஏரியின் தூர்களில் மணி பிடித்திருக்கிறதா என்பதே நல்ல சோதனை.

கதிர் முற்றிப் பழுப்பேறியதும், மதகருகே வரிசையில் நிற்பதிலிருந்து காம்பற்ற சிறுகதிர்கள் நூறும், வடக்கே சிதறி நிற்பதிலிருந்து நூறும் உருவி, உள்ளங்கையில் தேய்த்து, உமிக்குள் மணி இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரே தூரிலிருந்து நூறையும் எடுக்காமல் ஐந்தாறு தூர்களிலிருந்து எடுங்கள். கடலோர வயலிலிருந்து தூர்கள் தண்ணீரில் அடித்து வந்திருக்க வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏரியிலிருந்து வெளியேறும் நீர்தான் பரவனாறு, உப்பனாறு வழியாகக் கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலை நோக்கிப் போகிறது. அங்கிருந்து இங்கே எதுவும் மிதந்து ஏறாது.

இதைப் பதிவாக்கவும் வேண்டும். ஒரு கதிர்த்தண்டை அடித்தூரின் ஒரு கிளையோடும் சிறிது வேரோடும் எடுங்கள். உயரமான புல்லை வெட்டக்கூடாது. ‘N’ வடிவில் மடித்துச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனம் ஏற்றி, தாளை நாள்தோறும் மாற்றுங்கள். இடம், நாள், மண்ணின் தன்மை, நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு தூரம், புல்லின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி உடன் வையுங்கள். நிறம் உலர்ந்தால் போய்விடும். புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்தில் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடிகளைத் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கும் தொகுப்பு, இருக்கிறது. கொண்டுவந்தால் அங்குள்ள தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டுப்பார்க்கலாம். இந்தப் பகுதிப் புற்களுக்கு 1921இல் ரங்காச்சாரியார் எழுதி மதராசு அரசு அச்சகம் வெளியிட்ட கையேடு பழையதானாலும், அதன் கோட்டுப் படங்கள் இன்றும் துணை நிற்கும்.

கரை வேலை பற்றி: சீமைக் கருவேலத்தை எடுக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தத் தூர்களை வழித்தெடுத்துவிட்டு அதன்பின் கரையைப் பலப்படுத்துவது, கட்டியிருந்த தலைப்பாகையை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தலைப்பாகை வாங்கக் கடைக்குப் போவது போலாகும். அலை அறையும் இடத்தில் வேர் நேரே இறங்கி மண்ணைத் தைத்து வைத்திருக்கிறது. வண்டல் வந்து அடியை மூடினாலும் மேல்கணுவிலிருந்து புதுவேர் விட்டு, மண்ணோடு சேர்ந்து தானும் உயரும்.

ஏரிக்கரை நடையன் மறுமொழி (நான்கு வாரம் கழித்து):

எண்ணி முடித்துவிட்டேன். மதகருகே வரிசையில் நிற்பவற்றிலிருந்து எடுத்த நூறில் ஒன்றில்கூட மணி இல்லை, உமி மட்டும்தான். வடக்கே சிதறி நிற்பவற்றில் நூறுக்கு 14 மணிகள் இருந்தன, பழுப்பு நிறம். ஐயம் தீர இன்னொரு நூறு எடுத்தேன்; 11 வந்தன.

புல்லறிவாளன் மறுமொழி:

மதகருகே இருப்பவை நட்டவை என்றே நான் எடுத்துக்கொள்வேன். வடக்கே இருப்பவை விதை பிடிக்கின்றன, சிறு தூர்களும் இடையே இருக்கின்றன. அவை தாமாக இனம்பெருக்கி வாழும் கூட்டம் என்று சொல்ல இதுவரை கிடைத்ததிலேயே வலுவான சான்று இது. மணியை வீணாக்காமல் முளைக்கப் போடுங்கள். ஆற்று மணலும் ஏரி வண்டலும் சம அளவு கலந்து, மேலே மெல்லிய மணல் தூவி, ஈரம் காயாமல் வெயில்படும் இடத்தில் வையுங்கள்.

மணற்காட்டு உழவன் மறுமொழி:

ஐயா, முளைத்தால் எனக்கு நாலு நாற்று வேண்டும். விதையிலிருந்து வந்த வெட்டிவேரை என் வயலில் நடுவதற்காக இல்லை. பரவிவிட்டால் பிறகு நான்தான் படவேண்டும். தொட்டியில் வைத்து வேரின் மணத்தை எங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை.

ஏரிக்கரை நடையன் மறுமொழி:

கண்டிப்பாகத் தருகிறேன், தம்பி. 25 மணிகளையும் இரண்டு தட்டில் போட்டிருக்கிறேன்.

கரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் பொக்லைன் மதகுப் பக்கம் வேலையைத் தொடங்கிவிட்டது. பதினொன்றில் நான்கு தூர்கள் மண்ணோடு லாரியில் போயின. ஓட்டுநரிடம் விவரத்தைச் சொன்னபோது, “இது வெட்டிவேரா? எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்குகிறோமே!” என்று இறங்கி வந்து பார்த்தார். ஏழு தூர்கள் நின்றன. வடக்குப் பக்கச் சரிவில் கருவேலத்தை மட்டும் வெட்டுவது, புல்லைத் தொடுவதில்லை என்று ஊர்ப் பாசனக்காரர்கள் நால்வர் உடன் நின்று பேசியதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் அந்தப் பகுதிக்கு வேலை வரும்போது நானும் அங்கே இருப்பேன்.

பெயர்ந்து விழுந்த நான்கில் ஒன்றின் பாதி சரிவில் கிடந்தது. அதைக் கிளை பிரித்து, தம்பி எழுதியபடி தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே ஆறு நாற்றாக நட்டிருக்கிறேன். தட்டில் மணி முளைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.